நாயின் ஈரலில் புள்ளி தெரிந்தால்: புற்றுநோய் வந்த நாய்க்கு எக்ஸ்ரே, ஸ்கேன், ஊசி டெஸ்ட், சி.டி. வரை முழுமையான வழிகாட்டி

2022 கார்த்திகை மழையில் தேவனாம்பட்டினத்திலிருந்து ஒருவர் தன் நாயைத் தூக்கிக்கொண்டு கடலூரில் உள்ள என் கிளினிக்குக்கு வந்தார். நாயின் பெயர் செம்பி. தானே புயல் அடித்த வாரத்தில், அதாவது 2011 டிசம்பர் கடைசியில், படகு ஓரம் ஒதுங்கிக் கிடந்த குட்டி. அதனால் வயதில் குழப்பமே இல்லை, 11 முடியப்போகிறது. மடியில் இரண்டு கட்டி. அறுவை சிகிச்சைக்கு முன்னால் வேறொரு இடத்தில் வயிற்று ஸ்கேன் (அல்ட்ராசவுண்ட்) எடுத்திருந்தார். ரிப்போர்ட்டின் கடைசி வரியில், ஈரலில் பல முடிச்சுகள் தெரிகின்றன, பரவலாக இருக்கலாம் என்று இருந்தது.

ரிப்போர்ட்டை மேசையில் வைத்துவிட்டு அவர் கேட்டார்: "இதுக்கு மேல ஒண்ணும் இல்லையாங்க டாக்டரம்மா? ஊசி போட்டு அனுப்பிடறதுதான் நல்லதா?"

"இருக்கலாம்" என்று எழுதியிருந்ததை அவர் "இருக்கிறது" என்று படித்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை. புற்றுநோய் என்ற சொல் ஒரு முறை வீட்டுக்குள் வந்துவிட்டால், அதற்குப் பிறகு தெரியும் புள்ளியெல்லாம் புற்றாகத்தான் தெரியும். ஈரலில் தெரியும் புள்ளி என்ன என்பதைப் படம் மட்டுமே வைத்துச் சொல்ல முடிவது அபூர்வம். எங்கே, எத்தனை, எவ்வளவு பெரிது என்று படம் சொல்லும். எது என்பதை அணுக்களை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். இந்த வித்தியாசம் மனதில் இருந்தால், எந்தப் பரிசோதனையை எப்போது எடுப்பது, எதற்குப் பணம் செலவழிப்பது என்பது தானாகவே ஓரளவு விளங்கும்.

ஈரல் ஏன் முதலில் மாட்டுகிறது

நாயின் ஈரல் ஆறு மடல்களாகப் பிரிந்திருக்கிறது. அதற்கு ரத்தம் இரண்டு வழியாக வருகிறது. முக்கால் பங்கு போர்ட்டல் சிரை வழியாக வரும். மண்ணீரல், குடல், கணையம் எல்லாவற்றிலிருந்தும் திரும்பும் ரத்தம் இந்த வழியில்தான் ஈரலுக்குள் நுழைகிறது. மிச்சம் ஈரல் தமனி வழியாக. ஆகவே மண்ணீரலில் ஹீமாஞ்சியோசார்கோமா என்கிற ரத்தக்குழாய்ப் புற்று வந்தால், உதிரும் அணுக்களுக்கு அடுத்த வாசலே ஈரல்தான்.

ஈரலில் நாம் காணும் மாற்றங்கள் பல ரகம். வேறிடத்திலிருந்து வந்து விதையாக ஊன்றிய முடிச்சுகள் ஒன்று. நாய்களில் ஈரலிலேயே பிறக்கும் புற்றைவிட இப்படி வந்து சேரும் புற்றுதான் அதிகம். ஈரலிலேயே பிறக்கும் பெரிய ஒற்றைக் கட்டி இன்னொன்று. லிம்போமா என்கிற நிணநீர்ப் புற்று, மாஸ்ட் செல் கட்டி என்கிற, பெரும்பாலும் தோலில் தொடங்கும் புற்று போன்றவை முடிச்சே போடாமல் துணியில் சாயம் ஊறுவதுபோல ஈரல் முழுக்க ஊறிவிடும்.

அப்புறம், புற்றுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது. எட்டு, பத்து வயதைத் தாண்டிய நாய்களின் ஈரலில் தீங்கில்லாத முடிச்சுகள் மிகச் சாதாரணம். நாட்யூலர் ஹைப்பர்ப்ளேசியா என்று ரிப்போர்ட்டில் வரும். நான் "வயசு முடிச்சு" என்று சொல்லிவிடுவேன். இதோடு ஸ்டீராய்டு மாத்திரை செய்யும் வேலை, உண்ணிக் காய்ச்சல், மழைக்காலத்து எலிக்காய்ச்சல், பித்தப்பைக் கோளாறு எல்லாம் சேர்த்துக்கொள்ளுங்கள். புற்றுநோய் வரும் வயதும் வயசு முடிச்சு வரும் வயதும் ஒன்றாக இருப்பதுதான் சிக்கலே.

படி 1: வீட்டிலேயே செய்ய வேண்டியது

ஸ்கேனுக்கு முன் 8 முதல் 12 மணி நேரம் சாப்பாடு கூடாது. தண்ணீர் கொடுக்கலாம். இன்சுலின் போடும் நாய், மிகவும் சோர்ந்துபோன நாய் என்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டே பட்டினி போடுங்கள். இரைப்பை ஈரலுக்கு ஒட்டியபடி பின்னால் இருக்கிறது. அது நிறைந்திருந்தால் அதிலுள்ள காற்று படத்தை மறைக்கும், உள்ளே கிடக்கும் உணவு சில கோணங்களில் கட்டி மாதிரியே தெரியும். ஒரு முறை ஒரு நாயின் ஈரலுக்குப் பின்னால் விசித்திரமான ஒரு பிண்டம். பத்து நிமிடம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு வீட்டம்மா மெதுவாகச் சொன்னார்: "பசியில பார்த்துக்கிட்டே இருந்துச்சு, ரெண்டே ரெண்டு மீன் துண்டுதாங்க கொடுத்தேன்." மறுநாள் வெறும் வயிற்றில் பார்த்தால் பிண்டத்தைக் காணோம்.

மருந்துப் பட்டியல் கட்டாயம் வேண்டும். பெயர் தெரியாவிட்டால் அட்டையையே கொண்டு வாருங்கள். குறிப்பாகப் ப்ரெட்னிசலோன் என்கிற ஸ்டீராய்டு, வலிப்புக்குக் கொடுக்கும் பீனோபார்பிட்டோன், லிம்போமாவுக்கும் மாஸ்ட் செல் கட்டிக்கும் கொடுக்கும் லோமஸ்டின். முதல் இரண்டும் ஈரலைப் பெருக்கச் செய்யும், ரத்தத்தில் ஈரல் என்சைம்களை ஏற்றிவிடும். லோமஸ்டின் ஈரலையே நேரடியாகப் பாதிக்கக்கூடியது. நாய் ஸ்டீராய்டு சாப்பிடுகிறது என்று தெரியாமல் ஸ்கேன் பார்ப்பவர், பளபளவென்று பெருத்திருக்கும் ஈரலைப் பார்த்து வேறு முடிவுக்குப் போகக்கூடும்.

வயிற்று முடியை மழிக்க வேண்டியிருக்கும். பொமரேனியன் வைத்திருப்பவர்கள் இதற்குத்தான் அதிகம் வருத்தப்படுகிறார்கள். ஆனால் முடிக்குள் சிக்கும் காற்று ஒலி அலையைத் தடுத்துவிடும். ஜெல்லை எவ்வளவு ஊற்றினாலும் மழித்ததற்கு ஈடாகாது. முடி வளர்ந்துவிடும், சில நாய்களுக்குச் சில மாதம் பிடிக்கும்.

நேரம் குறிக்கும்போது காலை முதல் ஆளாகக் கேளுங்கள். சித்திரை வெயிலில் பதினொரு மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கும் நாய் நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கும். மூச்சு வாங்கும்போது உதரவிதானம் துடித்துக்கொண்டே இருக்கும், ஈரலும் கூடவே ஓடும். காற்றையும் விழுங்கும். ஏசி அறையில் அரைமணி நேரம் உட்கார வைத்துவிட்டுத் தொடங்குவது என் வழக்கம்.

படி 2: ரத்தப் பரிசோதனை

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஸ்.ஜி.பி.டி., அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்கிற ஈரல் என்சைம்கள், பிலிரூபின், ஆல்புமின், சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின், கூடவே ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டின் எண்ணிக்கை. ஈரல் என்சைம்கள் சரியாக இருந்தால் ஈரலில் பரவல் இல்லை என்று அர்த்தமில்லை. ஈரலுக்குத் தாங்கும் சக்தி அதிகம், நிறைய முடிச்சு இருந்தும் எண்கள் அமைதியாக இருக்கலாம். என்சைம்கள் ஏறியிருந்தால் அது புற்றுதான் என்றும் அர்த்தமில்லை. பிறகு ஊசி போடும் கட்டம் வரும்போது பிளேட்லெட் எண்ணிக்கை மிக முக்கியமாகிவிடும், அப்போது விளக்குகிறேன்.

படி 3: எக்ஸ்ரே

எக்ஸ்ரேயில் ஈரலுக்குள் இருப்பது தெரியாது. அதன் வெளிக்கோடும் அக்கம்பக்கமும்தான் தெரியும். பக்கவாட்டுப் படத்தில் இரைப்பையின் மேல் முனையையும் கீழ் முனையையும் சேர்த்து ஒரு கோடு போட்டால், அது விலா எலும்புகளுக்கு இணையாகவோ, முதுகெலும்புக்குச் செங்குத்தாகவோ, இரண்டுக்கும் நடுவிலோ இருக்க வேண்டும். ஈரல் பெருத்தால் இரைப்பை வால் பக்கம் தள்ளப்பட்டு இந்தக் கோடு சாயும். ஈரலின் கத்தி போன்ற கூரிய ஓரம் மழுங்கி உருண்டு, விலா விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டும்.

இதில் ஏமாற வாய்ப்பும் உண்டு. கொழுத்த லேப்ரடாருக்கு ஈரலுக்குக் கீழே கொழுப்புப் படலம் தடித்திருக்கும், அதை ஈரல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கிழட்டு நாய்க்குப் பிடிமானத் தசைநார் தளர்ந்து ஈரல் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும், அது வீக்கமும் அல்ல. வயிற்றில் நீர் கோத்திருந்தால் படம் முழுக்க ஒரே வெள்ளையாக, எதுவும் பிரித்தறிய முடியாமல் போகும். அப்போது எக்ஸ்ரேயை விட்டுவிட்டு நேராக ஸ்கேனுக்குப் போய்விடலாம்.

புற்றுநோய் நாய்க்கு எக்ஸ்ரேயின் உண்மையான பயன் நெஞ்சுப் படத்தில்தான். மூன்று படம் எடுக்க வேண்டும்: வலப்பக்கம் படுத்து ஒன்று, இடப்பக்கம் படுத்து ஒன்று, மல்லாந்து ஒன்று. நாய் எந்தப் பக்கம் படுக்கிறதோ அந்தப் பக்க நுரையீரலில் காற்று குறைந்து சுருங்கிவிடும். அதிலுள்ள சிறு முடிச்சு மறைந்துபோகும். மேலே இருக்கும் நுரையீரல்தான் தெளிவாகத் தெரியும். ஒரே ஒரு படம் எடுத்துவிட்டு "நெஞ்சு கிளியர்" என்று யாராவது சொன்னால், மற்ற இரண்டும் எங்கே என்று தயங்காமல் கேளுங்கள். மடிக்கட்டிக்கு நுரையீரல்தான் வழக்கமான பாதை, எனவே செம்பிக்கு நான் முதலில் எடுத்தது இதைத்தான். மூன்றிலும் ஒன்றுமில்லை.

படி 4: வயிற்று ஸ்கேன்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். ஈரலை மட்டும் பார்த்துவிட்டு முடித்த ஸ்கேன், புற்றுநோய் நாய்க்கு அரை ஸ்கேன்தான். மண்ணீரல், சிறுநீரகம், அட்ரீனல், குடல், நிணநீர்க் கணுக்கள் எல்லாம் பார்க்க வேண்டும். மண்ணீரலில் ரத்தக்குழாய்ப் புற்று சந்தேகம் என்றால் இதயத்தின் வலது மேலறையையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது, அது அங்கேயும் உட்காரும்.

பெரும்பாலான நாய்களுக்கு மயக்க ஊசி தேவைப்படாது. மெத்தென்ற தொட்டிலில் மல்லாத்திப் போட்டு, தலைமாட்டில் வீட்டு ஆள் நின்று பேசிக்கொண்டிருந்தால் போதும். கட்டாயம் வேண்டுமென்றால் என்ன மருந்து கொடுத்தார்கள் என்று ரிப்போர்ட்டில் எழுதியிருக்க வேண்டும். ஏசிப்ரோமசின் போன்றவை மண்ணீரலை உப்ப வைக்கும். அந்த உப்பலையே நோய் என்று எழுதிவிடக் கூடாது அல்லவா.

நெஞ்செலும்பு முடியும் இடத்துக்குக் கீழே ப்ரோபை (உடல் மேல் வைக்கும் ஸ்கேன் கைக்கருவியை) வைத்து, தலைப்பக்கம் சாய்த்து, விசிறி வீசுவதுபோல இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை நகர்த்துவேன். பிறகு ப்ரோபைத் திருப்பி மேலிருந்து கீழாக இன்னொரு முறை. ராஜபாளையம், சிப்பிப்பாறை மாதிரி மார்பு ஆழமான நாய்களுக்கு இது போதாது. அவற்றின் ஈரல் முழுக்க விலா எலும்புக்குள் ஒளிந்திருக்கும். வலப்பக்கம் 10, 11, 12ஆவது விலா இடுக்குகளில் ப்ரோபைச் செருகினாற்போல வைத்துத்தான் பார்க்க வேண்டும். வலக்கோடி மடலைப் பார்க்கவே இல்லை என்றால், "ஈரல் முழுதும் பார்க்கப்பட்டது" என்று எழுதக் கூடாது. எதைப் பார்க்க முடியவில்லை என்றும் எழுதும் ரிப்போர்ட்டைத்தான் நான் நம்புவேன்.

பார்க்கும் வரிசை எனக்கு எப்போதும் ஒன்றுதான். முதலில் அளவு, ஓரம். கூரான ஓரமா, உருண்டதா, மேடு பள்ளமா. அடுத்து வெளிச்சம். திரையில் மண்ணீரல்தான் மூன்றில் வெளுப்பு, ஈரல் அதைவிடக் கொஞ்சம் மங்கல், சிறுநீரகத்தின் வெளிப்பட்டை ஈரலுக்குச் சமமாகவோ அதைவிட மங்கலாகவோ இருக்கும். இந்த ஒப்பீட்டை ஒரே ஆழத்தில், ஒரே செட்டிங்கில் செய்ய வேண்டும். கெயின் பட்டனைக் கூட்டிவிட்டால் எல்லா ஈரலும் வெளுக்கும். ஈரல் மொத்தமாக வெளுத்துப் பெருத்திருந்தால் ஸ்டீராய்டு, கொழுப்பு, சில சமயம் ஊறிய புற்று. மொத்தமாக மங்கியிருந்தால் இதயக் கோளாறால் ரத்தம் தேங்குதல், கடும் அழற்சி, லிம்போமா. இரண்டு பட்டியலிலும் புற்று இருக்கிறது, புற்றல்லாததும் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

அடுத்து ரத்தக்குழாய்கள். போர்ட்டல் சிரைகளின் சுவர் வெள்ளைக் கோடாகத் தெரியும், ஈரல் சிரைகளுக்கு அந்தக் கோடு பெரும்பாலும் தெரியாது. கட்டி எந்தக் குழாயை அமுக்குகிறது, எதற்குள் நுழைகிறது என்பது பிறகு அறுவை சிகிச்சை செய்பவருக்குத் தேவைப்படும். கடைசியாகப் பித்தப்பை, ஈரல் வாசலிலுள்ள நிணநீர்க் கணுக்கள், சுற்றிலும் நீர் இருக்கிறதா என்பது. பித்தப்பையில் கசடு தெரிவது நாய்களில் சாதாரணம். கிவிப் பழத்தைக் குறுக்கே வெட்டினாற்போல் கோடு கோடாகத் தெரிந்தால் அது வேறு கதை, பித்தப்பைக்குள் கோழை இறுகிக் கிடக்கும் மியூகோசீல், அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

முடிச்சு தெரிந்தால், எத்தனை, எந்த மடலில், என்ன அளவு என்று ஒவ்வொன்றாகக் குறிக்க வேண்டும். தோற்றத்தில் ஒரு வகை பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள்: நடுவில் வெளுப்பு, சுற்றிலும் கறுப்பு வளையம். இலக்குப் பலகை போல இருப்பதால் டார்கெட் லீஷன் என்று பெயர். 2002இல் வந்த ஓர் ஆய்வில், ஈரலிலோ மண்ணீரலிலோ இப்படி ஒன்று தெரிந்தால் 100க்கு 74 வாய்ப்பு அது தீய கட்டி. ஒரே உறுப்பில் ஒன்றுக்கு மேல் இருந்தால் 81. பயமுறுத்தும் எண்தான். அதே எண்ணைத் திருப்பிப் பார்த்தால், நூற்றில் இருபது, இருபத்தைந்து நாய்களுக்கு அது தீயது இல்லை. அந்த இருபத்தைந்தில் நம் நாய் இருக்கிறதா என்பதுதானே நமக்கு வேண்டிய விஷயம்.

உள்ளே குழிகுழியாக, ரத்தம் தேங்கியது போன்ற கட்டிகளும் கூடவே வயிற்றில் நீரும் என்றால் ரத்தக்குழாய்ப் புற்றை நினைக்க வேண்டும். ஆனாலும், மண்ணீரலில் அந்தப் புற்று உறுதியான நாய்க்கே ஈரலில் தெரியும் முடிச்சு வயசு முடிச்சாக இருக்கலாம். ஒரு மடலையே அடைத்துக்கொண்டு பெரிதாக ஒரே கட்டி என்றால் ஈரலில் பிறந்த ஹெப்பட்டோசெல்லுலர் கார்சினோமா நினைவுக்கு வர வேண்டும். விந்தை என்னவென்றால், பார்க்கப் பயங்கரமாக இருக்கும் இந்தப் பெரிய ஒற்றைக் கட்டிதான் பல சமயம் நல்ல முடிவு தருகிறது. 2004இல் வெளியான ஒரு தொகுப்பில், மடலோடு அறுத்து எடுத்த நாய்களின் இடைநிலை ஆயுள் 1,460 நாளைத் தாண்டியது, அறுக்காமல் விட்டவற்றுக்கு 270 நாள். "முட்டை அளவு கட்டிம்மா, இனி என்ன இருக்கு" என்று கைவிடுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேன் மெஷின் செய்யும் சில கண்கட்டு வித்தைகளையும் சொல்ல வேண்டும். உதரவிதானம் கண்ணாடி மாதிரி ஒலியைத் திருப்புவதால், ஈரலின் பிம்பம் நெஞ்சுக்குள்ளும் தெரியும். பித்தப்பைக்குப் பின்னால் இருக்கும் ஈரல் தானாகவே வெளுத்துத் தெரியும், அது நோய் அல்ல, திரவத்தைத் தாண்டி வரும் ஒலி பலமாக இருப்பதால் வருவது. ஈரலின் காடேட் மடலில் நாக்குப் போல நீளும் ஒரு துண்டு, சில வெட்டுகளில் தனிக் கட்டியாகவோ வீங்கிய கணுவாகவோ தோன்றும். ப்ரோபை மெல்லத் திருப்பினால் ஈரலோடு சேர்ந்துவிடும். அனுபவம் குறைந்த நாட்களில் நானே இதற்கு ஏமாந்திருக்கிறேன்.

"ஈரல் நார்மல்" என்று வந்தால்

நிம்மதிதான், ஆனால் எல்லாப் புற்றுக்கும் ஒரே அளவு நிம்மதி இல்லை. முடிச்சாக வரும் புற்று என்றால் நார்மல் ஸ்கேன் ஓரளவு நம்பத்தக்கது. மாஸ்ட் செல் கட்டிக்கும் லிம்போமாவுக்கும் அப்படி இல்லை. அணுக்கள் ஊறியிருந்தும் ஈரல் திரையில் அப்பழுக்கில்லாமல் தெரியும். நெல்லிக்குப்பத்திலிருந்து வந்த ஒரு பக் நாய்க்குத் தொடையில் தீவிரமான மாஸ்ட் செல் கட்டி. ஈரலும் மண்ணீரலும் படத்தில் பாடப்புத்தகம் மாதிரி இருந்தன. இருந்தாலும் இரண்டிலும் ஊசி வைத்தோம், இரண்டிலுமே மாஸ்ட் அணுக்கள் கூட்டம் கூட்டமாக வந்தன. தொடைக்கட்டியை அறுத்துவிட்டால் போதும் என்று நினைத்திருந்தோம், திட்டமே மாறிவிட்டது. தீவிரமான மாஸ்ட் செல் கட்டி என்றால், படம் நன்றாக இருக்கிறது என்பதற்காக ஊசியைத் தவிர்க்காதீர்கள்.

படி 5: ஊசி டெஸ்ட்

எஃப்.என்.ஏ. என்பது இதுதான். ஸ்கேன் திரையில் பார்த்துக்கொண்டே, மெல்லிய 22 கேஜ் ஊசியை முடிச்சுக்குள் செலுத்தி, நான்கைந்து முறை முன்னும் பின்னும் அசைத்து, ஊசிக்குள் ஏறும் அணுக்களைக் கண்ணாடித் தகட்டில் ஊதிப் பரப்புவது. உறிஞ்சினால் ரத்தம் அதிகம் கலந்துவிடும், ஈரலுக்கு உறிஞ்சாமல் எடுப்பதே எனக்குப் பிடிக்கும். மொத்தம் சில நிமிட வேலை.

அதற்கு முன் ரத்தம் உறையுமா என்று பார்த்தாக வேண்டும். நம் ஊரில் இதற்கு ஒரு கூடுதல் காரணம் உண்டு, உண்ணி. உண்ணி பரப்பும் எர்லிக்கியா கிருமி பிளேட்லெட்டைக் குறைக்கும், ஈரலையும் மண்ணீரலையும் பெருக்கும், எஸ்.ஜி.பி.டி.யையும் ஏற்றும். உண்ணி பரப்பும் இன்னொரு கிருமியான பேபீசியா வந்தாலும் மண்ணீரல் பெருக்கும், பிளேட்லெட் இறங்கும். புற்றுநோய் இருக்கிற நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் வரக் கூடாது என்று சட்டமா இருக்கிறது? பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பில் காவல் இருந்த ஒரு நாய், நிணநீர்க் கணு வீக்கம், பெருத்த ஈரல், பெருத்த மண்ணீரல், லிம்போமா என்றே அனுப்பியிருந்தார்கள். பிளேட்லெட் தரைமட்டம். ரத்தத் துளியைப் பரிசோதித்ததில் எர்லிக்கியா. டாக்சிசைக்ளின் முடித்து ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது ஈரல் தன் இடத்துக்குப் போயிருந்தது. பிளேட்லெட் மிகக் குறைவாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் ஊசி. உறைதல் நேரமும் பார்த்துக்கொள்வது நல்லது, மஞ்சள் காமாலை இருந்தால் கட்டாயம்.

ரத்தம் தேங்கிய குழிக் கட்டிகளில் ஊசி வைப்பதற்கு நான் தயங்குவேன். கசிவு அபாயம் ஒரு பக்கம். மறுபக்கம், வருவது வெறும் ரத்தமாகத்தான் இருக்கும். ஊசி முடிந்து அரைமணி கழித்து அதே இடத்தை மறுபடி ஸ்கேன் பார்த்துவிட்டு அனுப்புவேன். வீட்டில் அன்று முழுக்க ஓட்டம், குதியாட்டம் கூடாது. உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ரோஸ் நிறம் போய் வெளிறினால், வயிறு உப்பினால், நாய் சுருண்டு படுத்தால் உடனே கிளம்பி வாருங்கள்.

ஆய்வகத்துக்கு அனுப்புவதில் ஒரு சின்ன விஷயம், ஆனால் இதில் கெட்ட மாதிரிகள் ஏராளம். கண்ணாடித் தகடுகளையும், சதைத் துண்டு கெடாமலிருக்கப் போட்டுவைக்கும் ஃபார்மலின் பாட்டிலையும் ஒரே பையில் போடக் கூடாது. மூடியிருந்தாலும் ஃபார்மலின் ஆவி தகட்டில் உள்ள அணுக்களைக் கெடுத்துவிடும், சாயம் ஏறாது. கடலூரிலிருந்து கூரியரில் போகும் மாதிரி சென்னை சேர்வதற்குள் ஒரு ராத்திரி ஒரே பெட்டியில் அடைந்து கிடக்கும். இரண்டு தனிப் பார்சலாக அனுப்பச் சொல்லுங்கள்.

ஊசி டெஸ்டுக்கும் எல்லை உண்டு. லிம்போமா, மாஸ்ட் செல், கார்சினோமா போன்றவை கிடைத்தால் நம்பலாம். "புற்று அணு இல்லை" என்று வந்தால், ஊசி போன இடத்தில் இல்லை என்றுதான் பொருள். வயசு முடிச்சையும், நன்கு முதிர்ந்த அணுக்கள் கொண்ட ஈரல் புற்றையும் அணுவைப் பார்த்தே பிரிப்பது கடினம். அந்தச் சந்தேகம் நீடித்தால் சதைத் துண்டு எடுக்கும் பயாப்சிதான் வழி. தடித்த ஊசியிலோ, லேப்ராஸ்கோப்பிலோ, வேறு அறுவை சிகிச்சைக்காக வயிற்றைத் திறக்கும்போதோ எடுக்கலாம்.

படி 6: சி.டி. யாருக்கு வேண்டும்

எல்லோருக்கும் வேண்டாம். ஈரலில் பெரிய ஒற்றைக் கட்டி, அறுக்கலாம் என்ற நோக்கம் இருக்கிறது என்றால் சி.டி. மிகவும் உதவும். இடப்பக்க மடல் என்றால் அறுப்பது ஒப்பீட்டில் எளிது. வலப்பக்கம் என்றால் பெரிய மகாசிரை ஒட்டிக்கொண்டு போகிறது, கத்தி வைப்பதற்கு முன் எங்கே ஒட்டியிருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். அதே மாதிரி, மண்ணீரல் கட்டியை எடுப்பதற்கு முன் நுரையீரலில் நுண்ணிய பரவல் உண்டா என்று பார்க்க எக்ஸ்ரேயைவிட சி.டி. பல மடங்கு கூர்மை.

ஈரலுக்கு சி.டி. என்றால் அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்தைச் செலுத்தி, தமனிக் கட்டம், போர்ட்டல் கட்டம், தாமதக் கட்டம் என்று மூன்று முறை படம் எடுக்க வேண்டும். ஈரல் திசு போர்ட்டல் சிரை ரத்தத்தில் வாழ்கிறது, தீய கட்டிகளோ பெரும்பாலும் தமனியை உறிஞ்சுகின்றன. எந்தக் கட்டத்தில் எது பளிச்சென்று ஏறுகிறது, எது இருட்டாகவே நிற்கிறது என்பதில்தான் துப்பு கிடைக்கும். கான்ட்ராஸ்ட் இல்லாமல் எடுத்த ஒற்றைப் படத்துக்குப் பணம் கட்டுவதில் பெரிய பலன் இல்லை. மூன்று கட்டமும் எடுப்பார்களா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். நாய் அசையாமல் இருக்க மயக்கமருந்து கொடுப்பார்கள், அதனால் சிறுநீரகம், இதயம் இரண்டும் சரியா என்று முன்பே பார்க்க வேண்டும்.

நம் பகுதியில் மேற்சிகிச்சைக்கு முதலில் நான் அனுப்பும் இடம் புதுச்சேரி குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம். அடுத்தது சென்னை வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி. 1903இல் தொடங்கிய கல்லூரி. எந்த மெஷின் இன்றைக்கு ஓடுகிறது, எந்த நாளில் எந்தப் பிரிவு என்பதைப் போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். பட்டினியோடு நாயை ஏற்றிக்கொண்டு ஈ.சி.ஆரில் விடியற்காலை கிளம்பி, அங்கே போய் "நாளைக்கு வாங்க" என்று கேட்டுத் திரும்புவது போன்ற கொடுமை வேறில்லை. ஜிப்மரில் எடுக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. அது மனிதர்களுக்கான மருத்துவமனை.

நுண்குமிழி மருந்து செலுத்தி எடுக்கும் கான்ட்ராஸ்ட் ஸ்கேன், எம்.ஆர்.ஐ. இரண்டுமே தீங்கில்லாத முடிச்சையும் தீய முடிச்சையும் பிரிப்பதில் கெட்டி. கிடைத்தால் நல்லது, கிடைக்கவில்லை என்று தூக்கம் கெட வேண்டாம்.

படி 7: ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு

"ஹைப்போஎக்கோயிக்" என்றால் மங்கல், "ஹைப்பர்எக்கோயிக்" என்றால் வெளுப்பு, "மல்டிஃபோகல்" என்றால் பல இடங்களில், "டிஃப்யூஸ்" என்றால் பரவலாக முழுக்க. இவை கண்ணால் கண்டவை. "சஜஸ்டிவ் ஆஃப்", "மெட்டாஸ்டேசிஸ் கன்சிடர் செய்யவும்" என்றால் எழுதியவரின் ஊகம். கண்டதையும் ஊகத்தையும் வேறு வேறு நிறப் பேனாவில் கோடிடுங்கள், படிக்கும்போது பதற்றம் பாதியாகக் குறையும்.

பிறகு மருத்துவரிடம் கேட்க எனக்குத் தெரிந்து இரண்டு கேள்விதான் முக்கியம். இது புற்று இல்லையென்றால் வேறென்னவாக இருக்கலாம்? அடுத்த பரிசோதனையின் முடிவு எதுவாக இருந்தாலும் சிகிச்சை மாறுமா? இரண்டாவதற்குப் பதில் "மாறாது" என்றால் அந்தப் பரிசோதனையை விட்டுவிடலாம். பதினைந்து வயது நாய், நுரையீரல் முழுக்க முடிச்சு, சாப்பாடு நின்றுவிட்டது என்றால் ஈரலில் ஊசி வைத்து யாருக்கு என்ன பயன்? வலி மருந்தும், பிடித்த சாப்பாடும், பக்கத்தில் ஆளும் போதும். ஆனால் நன்றாகச் சாப்பிட்டு, வாலாட்டி, கடற்கரையில் ஓடும் நாய்க்கு, படத்தை மட்டும் வைத்து முடிவு கட்டுவது அவசரம்.

காத்திருந்து மறுபடி பார்ப்பதும் ஒரு பரிசோதனைதான். நான்கு முதல் எட்டு வாரம் கழித்து, முடிந்தவரை அதே மெஷினில், அதே ஆள் பார்க்க வேண்டும். போன முறை அளந்த அதே முடிச்சை, அதே கோணத்தில் அளக்க வேண்டும். அதனால்தான் படங்களைப் பென் டிரைவில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்கிறேன். பிரிண்ட் காகிதம் கடலூர் ஈரக்காற்றில் ஆறு மாதத்தில் மங்கிவிடும். இடையில் ஸ்டீராய்டு தொடங்கியிருந்தால் அதையும் சொல்லுங்கள், ஈரல் வெளுத்ததற்குக் காரணம் அதுவாக இருக்கலாம்.

செம்பிக்கு என் ஸ்கேனில் ஐந்து முடிச்சு தெரிந்தது. பெரியது 1.2 சென்டிமீட்டர், அதில் லேசாகக் கறுப்பு வளையமும் இருந்தது, எனக்கே வயிறு கலங்கியது. பிளேட்லெட் சரியாக இருந்தது. இரண்டு முடிச்சில் ஊசி வைத்தோம். வந்தது ஈரல் அணுக்கள்தான், புற்று அணு இல்லை, வயசு முடிச்சுக்குப் பொருந்துகிறது என்று பதில் வந்தது. நாலு நாள் கழித்து மடிக்கட்டிகளை அறுத்தோம். தை மாதம் ஒரு முறை, பங்குனியில் ஒரு முறை மறுபடி ஸ்கேன் பார்த்தேன்.

பங்குனியில் வந்தபோது அவர் திரையையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். "அந்தப் புள்ளி இன்னும் இருக்குதுங்களா?"

"இருக்கு. அதே 1.2தான்."

"இருந்துட்டுப் போவட்டும்" என்று செம்பியின் வயிற்று ஜெல்லைத் தன் துண்டாலேயே துடைத்துவிட்டு, அடுத்து எப்போது கொண்டுவர வேண்டும் என்று கேட்டார். ஆடியில் என்று எழுதிக் கொடுத்தேன்.